ஆட்சேபணை மனுவின் ஏழாவது பத்தி

எங்கள் தெருமுனையில் இருக்கும் பெண்கள் பள்ளியின் சுற்றுச்சுவரில் அந்த அறிவிப்பை ஒட்டிய நாளில் நான் சிவகாசியில், அச்சகத்தில் உட்கார்ந்து, அடுத்த வருஷக் காலண்டருக்கு அமாவாசை பௌர்ணமி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக ப்ரூஃப் பார்ப்பதுதான் என் வேலை. தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்புகிறேன். அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் கணவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சங்கத் தலைவர் வீட்ல கூட்டமாம். உன்னையத்தான் கூப்பிட்டாக. என்னமோ எழுதணுமாம்."

"என்னத்த எழுதணும்?"

"பிளாட்டு கட்டப் போறாகளாம். வேண்டாம்னு எழுதணும்."

காபி குடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். அங்கேயே போட்டு வைத்திருக்கிறார்களாம் என்றார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தெருச் சங்கம்தான் அலுவலகம். நான் மறுத்தால் அவருக்குத்தான் சங்கடம். போனேன்.

எங்கள் வீடு சிவகாசி சாலையை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்திக்காடு. நிலக்காரக் குடும்பம் மனை பிரித்து விற்றபோது நாங்களும் ஒன்று வாங்கினோம். தனி வீடு மட்டும்தான் கட்டலாம், மேலே ஒரே ஒரு மாடி போடலாம் என்பது அப்போதிருந்த விதி. தெருவின் கடைசியில் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டினாற்போல் கொஞ்சம் மனைகள் விற்காமல் கிடந்து, கருவேலம் அடைத்துப்போயிருந்தன. அந்த இடத்தில்தான் நான்கு மாடிக்குக் குடியிருப்பு கட்ட, நில உபயோகத்தை மாற்றித் தரச் சொல்லி நிலக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்பதுதான் அந்த அறிவிப்பு.

தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று சொன்னால் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மறுநாளே அலைந்து எரிய வைத்துவிடுவார். ஆனால் ஒரு விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்ல அவருக்கு வராது. "நம்ம வாழ்வாதாரத்துக்கே ஆபத்து, மேடம்" என்று ஆரம்பித்தார். என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நல்ல தண்ணி பல நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, இதில் இன்னும் அத்தனை குடும்பம் வந்தால் என்ன ஆவது என்றார்கள். அது நியாயம். சாக்கடை இப்போதே நிரம்பி ரோட்டுக்கு வருகிறது என்றார்கள். அதுவும் நியாயம். பைக்கும் காரும் கூடிப்போனால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் அடிபட்டுப்போவார்கள் என்றார் ஒருவர். அவருடைய பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட அங்கே படிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தனியார் பள்ளிக்குக் கொண்டுபோகிறது. என் மகனும் அப்படிப் படித்தவன்தான். அதனால் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டேன்.

ஆறு பத்தி ஆனது. முடித்துக்கொள்ளலாம் என்று பேனாவை மூடினேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முக்கியமானத விட்டுட்டோமே. வாரது யாருன்னு தெரியாதுல்ல? மாடி வீடுன்னா வாடகைக்கு விடுவான். அம்புட்டும் பட்டாசு ஆபீஸ் ஆளுகதான் வரும். வேலைக்குப் போற எடத்துலருந்து மருந்து, திரி, எதையாச்சும் வீட்டுக்குக் கொண்டாந்து வச்சா? பக்கத்துல பள்ளிக்கூடம். எளுதுங்க மேடம்."

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். "அப்படி யாரும் கொண்டுவர மாட்டாங்க சார்" என்றேன்.

"நீங்க கண்டீகளா?"

நான் கண்டதில்லை. அவரும் கண்டதில்லை. ஆனால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், என் கணவர் உட்பட. எழுதினேன்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. அந்த மனு நான்கு முறை என் வீட்டுக்கும் தலைவர் வீட்டுக்கும் போய் வந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு "தாழ்மையுடன்" என்ற சொல் பிடிக்கவில்லை. நாம் ஏன் தாழ வேண்டும் என்று கேட்டார். மூலைவீட்டம்மா தன் வீட்டுக் கிணறு வற்றியதைத் தனிப் பத்தியாகப் போடச் சொன்னார். அந்தக் கிணற்றை அவரே மூடி, மேலே கார் நிறுத்தத் தளம் போட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆவணி மாசம் காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடக்கும். பகலெல்லாம் நல்ல நேரம் பார்த்த கண்ணோடு வந்து உட்கார்ந்து இதைத் திருத்துவேன். கடைசியாகத் தலைவர் ஏழாவது பத்தியை மட்டும் தானே எழுதி டைப் அடித்துக் கொண்டுவந்தார். "வெடிபொருள் தொழிலில் ஈடுபட்டுள்ள, பின்னணி அறியப்படாத நபர்கள் குடியேறுவதால் பள்ளி மாணவியரின் பாதுகாப்பு கேள்விக்குறியாகும்" என்று இருந்தது.

அதில் ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. இரண்டையும் சிவப்பு மையால் சுழித்துத் திருத்திக் கொடுத்தேன். அந்த வரியில் நான் செய்தது அவ்வளவுதான். அந்தப் பத்தியையே அடித்திருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. அலுத்துப்போயிருந்தேன், சனியன் ஒழிந்தால் போதும் என்றிருந்தது என்று இப்போது காரணம் சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் கையெழுத்துப் போடும்போது அந்தப் பத்தி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து திரும்பும்போது, வழியில் ஆமத்தூரில் ஒரு பெண் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய சிநேகிதி. முன்னால் எங்கள் அச்சகத்தில் காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிக்கும் பகுதியில் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். புருஷன் போன பிறகு, வருஷம் முழுக்க வேலை கிடைக்கும் என்று பட்டாசு ஆபீசுக்கு மாறிவிட்டாள். சரவெடி பின்னுகிறாள். ஒரே மகள். அந்தப் பிள்ளை ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில்தான் பத்தாவது படிக்கிறது.

"பிள்ளையக் கூட்டியாரப் போறேன்க்கா" என்றாள். "ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறரை ஆயிருது. அந்நேரம் வார பஸ்ஸு கூட்டமா இருந்தா நிப்பாட்டாமப் போயிருதான். முந்தாநாளு ஒரு மணி நேரம் ஒத்தையில நின்னுருக்கா."

"தினம் நீ வரணுமா?"

"வேறென்ன செய்ய? ஆபீஸுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக. அவ நின்னாளா வந்தாளான்னு எனக்குத் தெரியாது. எங்கயாச்சும் வெடிச்சிருச்சுன்னு சேதி வந்தா, எந்த ஆபீஸுன்னு தெரியாம அவ கிளாஸ்ல உக்காந்து அழுதுக்கிட்டிருப்பா." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏங்க்கா, உங்க தெருவுல மாடி வீடு வரப்போகுதாமே. வாடகைக்கு விடுவாகளா?"

"வரும்னுதான் சொல்றாங்க."

"வந்தா எனக்கு ஒரு வீடு சொல்லுங்க. விருதுநகர்ல எத்தனை எடத்துல கேட்டுப் பாத்துட்டேன். என்ன வேலைன்னு கேக்காக, அப்பொறம் எந்தத் தெருன்னு கேக்காக. சொன்னதும், மகன் வாரான், வீடு இல்லங்காக. இந்த மாதிரி பெரிய கட்டடம்னா யாரு எவருன்னு கேக்க மாட்டாகல்ல?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கலாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தகரப் பகுதியில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "மறந்துராதீகக்கா" என்றாள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பள்ளிக்கூட மண்டபத்திலேயே வைத்திருந்தார்கள், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் யார் வர முடியும்? எங்கள் தெருவே வந்திருந்தது, இஸ்திரி போட்ட சட்டையோடு. நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தலைவருக்குப் பக்கத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரிகள் இருவர், நிலக்காரர் வீட்டு ஆள் ஒருவர், தலைமையாசிரியை. அவர் மட்டும் சொந்தமாக ஒன்று சொன்னார். நடந்து வரும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், பக்கத்தில் வீடு வந்தால் நல்லதுதான், ஆனால் பள்ளிக்கூடச் சுவர்ப் பக்கம் வாகன வாசல் வைக்காதீர்கள் என்றார். அன்று நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். எங்கள் ஆட்கள் சுவரைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் கைதட்டினார்கள்.

பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். எழுதிக் கொடுத்தாயிற்று, எதற்கு வாசிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் எரிந்தது. ஏழாவது பத்தியில் குரலை உயர்த்தினார். அது முடிந்ததும், பின்னாலிருந்து, "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள்தான். பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று பிள்ளை சொல்லியிருக்கும், தீபாவளி சீசனில் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். அதிகாரி மைக்கைக் கொடுக்கச் சொன்னார். வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு நின்றபடியே பேசினாள்.

"நான் பட்டாசு ஆபீஸ்லதான் வேலை பாக்கேன். சரம் பின்னுதேன். வேலை முடிஞ்சா அங்கனயே கையக் காலக் களுவி, சேலைய மாத்திட்டுத்தான் வேன் ஏறுவோம். வாசல்ல பையைக் கொட்டிப் பாத்துத்தான் விடுவாக. எங்க வீட்ல தீப்பெட்டி ஒண்ணுதான் இருக்கு, அது அடுப்புக்கு. எம் பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கா. அவளுக்கு நானே ஆபத்துன்னு எளுதிருக்கீக. யாரு எளுதுனது?"

தலைவருக்கு அது திட்டாகவே படவில்லை. மனுவைப் பாராட்டிக் கேட்பது போல எடுத்துக்கொண்டார். "எங்க மேடம்தான் தயார் பண்ணாக. அச்சாபீஸ்ல ப்ரூஃப் பாக்குறவுக" என்று என்னைக் கைகாட்டினார்.

அப்போது நான் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஏதோ கணக்குப் பாடத்தில் இடறினவள் போலப் பார்த்தாள்.

"அக்கா பாத்துருந்தா பிளை இருக்காது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து நான் பின்னால் போவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். நேராகத் தலைவரிடம் போய், அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"அதெப்படி மேடம்? முத்திரை விளுந்துருச்சு."

"என் கையெழுத்தையாவது எடுங்க."

"எல்லார் கையெளுத்தும் ஒரே தாள்ல இருக்கு. உங்களது மட்டும் எடுத்தா மத்தவுகளதும் கிளியுமே."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தாளைப் பற்றிக் கவலைப்பட்டார். வீட்டில் என் கணவர், "உனக்கு எதுக்கு இந்த வம்பு, பேசாம இரு" என்றார். வம்பில் என்னை இழுத்துவிட்டவரே அவர்தான்.

மறுநாள் நான் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். ஏழாவது பத்தியோடு எனக்கு உடன்பாடில்லை, அதில் கையெழுத்திட்டது என் தவறு, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் வழி செய்துவிட்டு இங்கே குடியிருப்பு கட்ட அனுமதிக்கலாம் என்று எழுதி, மனு கொடுத்த அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எழுத்தர் முழுதாகப் படித்தார்.

"இது ஆட்சேபணையாம்மா, ஆதரவா?"

"ஆட்சேபணைக்கு ஆட்சேபணை."

"அப்ப ஆட்சேபணைதான்" என்று ஆட்சேபணைக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அது ஆதரவு என்று நான் விளக்கினேன். ஆதரவுக்குத் தனிக் கட்டு போடச் சொல்லி உத்தரவு இல்லையாம். அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? பணிவாகத்தான் சொன்னார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூருக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. பிள்ளையைக் கடைக்குப் பால் வாங்க அனுப்பினாள்.

"நான் எழுதினது தப்பு" என்றேன்.

"எளுதுனதக்கூட நான் கேக்கல. ஊரே சொல்றது, நீங்க எளுதிக் குடுத்தீக. பஸ்ஸுல உங்க கையப் பிடிச்சுக் கேட்டேன்ல? அப்பச் சொல்லிருக்கலாம்ல, இப்பிடி ஒண்ணுல கையெளுத்துப் போட்டிருக்கேன், வேற எடம் பாருன்னு. சொல்லிருந்தா நான் லீவு போட்டு வந்து அத்தன பேரு முன்னாடி நின்னுருக்க மாட்டேன்."

பால் வந்தது. காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, எங்கள் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கிறது, மகன் பெங்களூரில் இருக்கிறான், நீ வந்து இருந்துகொள் என்றேன். வரும்போது பஸ்ஸில் யோசித்து வைத்துக்கொண்டு வந்ததுதான். என் கணவரிடம் இன்னும் கேட்டிருக்கவில்லை.

அவள் முகம் இன்னும் இறுகியது. "எரக்கப்பட்டுக் குடுக்க வேண்டாம். வாடகை என்னன்னு சொல்லுங்க. வீட்டைப் பாக்கேன். பிடிச்சா வாரேன்."

வந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்றாள். மாடிப்படி எங்கள் அடுப்படி வழியாகப் போகிறதே, வெளியே ஒரு படி வேண்டும் என்றாள். என் கணவர் என்னை முறைத்தார். ஆனால் அவள் பேசப்பேச அவருக்கே அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மறுவாரம் இரும்புப் படிக்கு ஆள் கூட்டிவந்தவர் அவர்தான். அவரைப் பற்றி இதையும் சொல்லியாக வேண்டும். தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைத்திருந்த நாட்களில் தாயும் மகளும் குடிவந்தார்கள்.

வந்த மூன்றாம் நாள் தலைவர் வந்தார். "வாடகைக்கு விடுறதா இருந்தா சங்கத்துல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம், மேடம்."

"நீங்க உங்க பின்கட்டை மெடிக்கல் ரெப்புக்கு விட்டப்ப சொன்னீங்களா சார்?"

"அது வேற."

"எப்படி வேற?"

"சரி, பாத்துக்கோங்க" என்று போய்விட்டார்.

குடியிருப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நான்கு மாடி கேட்டார்கள், மூன்று கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பக்கம் வாசல் கூடாது என்று நிபந்தனை. எங்கள் மனுவில் தண்ணீரைப் பற்றி இருந்ததை யாராவது படித்தார்களா, தெரியாது. கருவேலத்தை வெட்டி அஸ்திவாரம் தோண்டினார்கள். விலை விவரம் போட்ட பலகை வைத்த அன்றைக்கே, பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கும் யாரும் அங்கே குடிவரப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. முதல் வீட்டை முன்பதிவு செய்தது தலைவர். சென்னையில் இருக்கும் மகனுக்காம். மூலைவீட்டம்மாவும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார். இத்தனைக்கும் அந்த மனுவைப் பற்றி இருவருமே இன்னும் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். நாம் போராடியதால்தான் ஒரு மாடி குறைந்ததாம்.

மாடியில் இருக்கும் பிள்ளை பத்தாவதில் நன்றாகத் தேறி, இப்போது அதே பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது படிக்கிறது. நடந்தே போய்விட்டு நடந்தே வருகிறது. பிள்ளைக்குப் பதிலாக இப்போது தாய் அலைகிறாள். காலையில் ஆபீஸ் வேன் எங்கள் தெருமுனைக்கு வந்து அவளையும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. என்னை அவள் பழையபடி அக்கா என்று கூப்பிட ஐந்தாறு மாசம் ஆனது. சாப்பாட்டை இன்னும் சேர்ந்து சாப்பிட ஆரம்பிக்கவில்லை.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் புதுப் புகார் ஒன்று வந்தது. அந்த வேன் காலையில் ஹார்ன் அடிக்கிறதாம், தூக்கம் கெடுகிறதாம். அதே நேரத்தில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனும் வாசலுக்கு வாசல் நின்று அடித்துக்கொண்டுதான் போகிறது. அதை யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அது பிள்ளைகளுக்காக அடிப்பது என்றார் எதிர்வீட்டுக்காரர். இது பிள்ளையைப் பெற்றவளுக்காக அடிப்பது என்றேன். தலைவர் புகாரை நோட்டில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, வேனை நிறுத்தச் சொல்லி யாராவது வந்தால் என்னிடம் அனுப்பு என்று சொல்வதற்காக இரும்புப் படியேறி மேலே போனேன். அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது.

"டிரைவருகிட்ட ஹார்ன் அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்க்கா" என்றாள். "நான் அஞ்சு நிமிசம் முந்தியே போயி முக்குல நின்னுக்கிடுதேன்."

"நீ ஏன் நிக்கணும்?" என்று கத்திவிட்டேன். பிள்ளை புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தது.

"விடுங்கக்கா. தெனம் காலையில எதுக்கு இவுக கூட வம்பு" என்றாள் அவள், மறுநாளைக்கு எடுத்துப்போக வேண்டிய சேலையை மடித்துப் பையில் வைத்தபடி.